ஜான் ஆபிரகாமின் தொடக்க ஆண்டுகள்: பூனாவிலிருந்து அக்ரகாரத்துக்கு

மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாமைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் 1984-லிருந்தே தொடங்குகின்றன. அந்த ஆண்டில்தான் கோழிக்கோட்டில் ஒடேசா இயக்கம் பிறந்தது. ஊர் ஊராகப் படம் காட்டிப் பொதுமக்களிடம் திரட்டிய பணத்தில் அவருடைய ‘அம்ம அறியான்’ (1986) எடுக்கப்பட்டது. இந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்பதற்கான விடை, அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளில் அவர் யாரிடம் கற்றார், யாரோடு வேலை செய்தார் என்பதில் இருக்கிறது.

1937-இல் பிறந்த ஜான், ஆயுள் காப்பீட்டுக் கழக வேலையை உதறிவிட்டு 1965-இல் பூனா திரைப்படக் கல்லூரியில் சேர்ந்தார். வங்க இயக்குநர் ரித்விக் கட்டக் அங்கே கற்பித்தது சிறிது காலம்தான். ஆனால் மணி கவுல், குமார் சஹானி, ஜான் என அவரிடம் பயின்ற மூவருமே வணிகப் பாதையில் நிலைக்கவில்லை. மணி கவுலின் ‘உஸ்கி ரோட்டி’யில் ஜான் உதவி இயக்குநராகப் பணியாற்றினார்.

அவருடைய முதல் படம் ‘வித்யார்த்திகளே இதிலே இதிலே’ 1972-இல் வந்தது. பந்து பட்டுச் சிலை உடைந்துபோக, மாணவர்களே அதற்குப் பணம் திரட்டக் கிளம்பும் கதை. மது, அடூர் பாசி போன்ற தெரிந்த முகங்களோடு திரையுலக வழக்கத்துக்குள்ளேயே எடுக்கப்பட்ட படம் அது. ஒளிப்பதிவாளர் ராமச்சந்திர பாபுவுக்கும் அதுவே முதல் படம். இசை எம்.பி.சீனிவாசன்.

சீனிவாசனின் பெயரை இங்கே அடிக்கோடிட வேண்டும். நிமாய் கோஷ் இயக்கிய ‘பாதை தெரியுது பார்’ (1960) படத்துக்கு இசையமைத்தவர் அவர். வங்கத்திலிருந்து சென்னைக்கு வந்து, திரைத் தொழிலாளர் சங்கப் பணியில் அவரோடு தோள்கொடுத்தவர் கோஷ். கோஷ் முன்னர் வங்கத்தில் எடுத்த ‘சின்னமூல்’ படத்தில் நடித்தவர்களுள் ஒருவர் கட்டக். ஆக, பூனாவில் ஆசிரியர் வழியாகவும் சென்னையில் இசையமைப்பாளர் வழியாகவும் ஒரே இடதுசாரிக் கலை மரபு ஜானிடம் வந்து சேர்ந்தது. அவர் தனியாக முளைத்த மேதை என்ற பிம்பம் இந்தத் தொடர்பை மறைத்துவிடுகிறது என்பதே என் வருத்தம்.

1977-இல் தமிழில் எடுத்த ‘அக்ரகாரத்தில் கழுதை’ இந்த உறவுகளெல்லாம் ஒன்றுகூடிய படம். தில்லியில் அரசுப் பணியிலிருந்த விமர்சகர் வெங்கட் சாமிநாதன் திரைக்கதை எழுதினார். ஒளிப்பதிவு மீண்டும் ராமச்சந்திர பாபு. சீனிவாசன் இசையமைத்ததோடு, தாயை இழந்த கழுதைக்குட்டியை வளர்க்கும் பேராசிரியர் நாராயணசாமியாகவும் நடித்தார். கல்லூரியில் கேலிக்கு ஆளாகும் அவர், குட்டியைச் சொந்த ஊருக்குக் கொண்டுபோய் வாய்பேச இயலாத உமாவிடம் ஒப்படைக்கிறார். உமாவுக்கு இறந்து பிறந்த சிசு கோயிலருகே கிடக்க, பழி கழுதைமேல் விழுகிறது. அதை அடித்துக் கொன்ற ஊரே, பிறகு அதற்குக் கோயில் கட்டத் துடிக்கிறது. கொலையையும் வழிபாட்டையும் அதே மனிதர்களின் முகங்களில் காட்டியதில்தான் படத்தின் கூர்மை இருக்கிறது.

தமிழின் சிறந்த படத்துக்கான தேசிய விருது கிடைத்தும், அதைத் திரையிடத் திரையரங்குகள் முன்வரவில்லை. பின்னாளில் தூர்தர்ஷன் ஒளிபரப்பும் எதிர்ப்பால் கைவிடப்பட்டது. அடுத்து ஜான் மலையாளத்துக்கே திரும்பி ‘செறியாச்சன்டெ க்ரூரக்ருத்யங்கள்’ எடுத்தார். ஒடேசாவைத் தயாரிப்புச் செலவுக்கான வழியாக மட்டும் பார்ப்பது போதாது. எடுத்த படம் பார்வையாளரைச் சென்றடையாத நிலையை 1977-லேயே அனுபவித்தவர் ஜான். ‘அம்ம அறியான்’ படத்தை அந்த இயக்கத்தினர் விநியோகஸ்தர்களுக்காகக் காத்திராமல் தாங்களே ஊர்களுக்குக் கொண்டுபோய்க் காட்டினார்கள்.