அரபுத்தமிழ்: எழுத்தும் வாசகரும்

அறிவைத் தேடுவோர் வெறுங்கையுடன் தேடுவதில்லை. சமூகம் தமக்கு முன்னரே வழங்கிய எழுத்தறிவைக் கொண்டே தேடுகின்றனர். இவ்வுண்மையைத் தெளிவுறுத்தும் வரலாற்றுச் சான்றுகளுள் அரபுத்தமிழ் குறிப்பிடத்தக்கது.

நிந்தவூர், கல்முனை, அக்கரைப்பற்று முதலிய கிழக்கிலங்கைக் கரையோர ஊர்களில் முஸ்லிம் மக்களின் தாய்மொழி தமிழே. ஆயினும் நவீன பாடசாலைகள் பரவுமுன், உழவர், மீனவர் குடும்பப் பிள்ளைகள், சிறப்பாகப் பெண்பிள்ளைகள், முதலிற் கற்றது பெரும்பாலும் குர்ஆன் ஓதுதற்குரிய அரபெழுத்தாகும். கற்ற எழுத்து ஒன்று, பேசும் மொழி வேறொன்று என்னும் இம்முரண்பாட்டின் தீர்வாகவே அரபுத்தமிழை நோக்குதல் வேண்டும்.

அரபில் இல்லாத ங, ஞ, ண, ள, ழ போன்ற ஒலிகளுக்காக அரபெழுத்துக்களிற் புள்ளிகளும் குறிகளும் சேர்க்கப்பட்டன. மறுபுறம், அரபுச் சொற்களின் ஒலிவேறுபாடும் காக்கப்பட்டது. இதயத்தையும் நாயையும் குறிக்கும் இரு அரபுச் சொற்களைத் தமிழெழுத்தில் ‘கல்பு’ என ஒரே வகையாகவே எழுத இயலும். அரபுத்தமிழில் இம்மயக்கம் எழாது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றோர் சமயச் சட்டத்தை இவ்வெழுத்திலேயே பொதுமக்களுக்கு விளக்கினர். 1882இல் சித்திலெப்பை தொடங்கிய ‘முஸ்லிம் நேசன்’ இதழும் தமிழோடு அரபுத்தமிழையும் கைக்கொண்டது.

எனினும் இதனை மிகைப்படுத்தல் தகாது. எவ்வறிவு மக்களைச் சென்றடைதல் வேண்டும் என்பதைத் தீர்மானித்தோர் பெரும்பாலும் ஆலிம்களும் வசதிபடைத்தோருமே. குடியேற்ற ஆட்சியின் நிருவாக மொழியோ ஆங்கிலம். வயலில் உழைத்தவன் தொழுகையின் விதிகளைத் தானே வாசித்தறிய முடிந்தது. தன் காணி பற்றிய வழக்கினை அறியப் பிறரையே நாடவேண்டியிருந்தது. எழுத்துத்தடை நீங்கியமை மட்டும் அதிகாரத்தடையை நீக்கவில்லை.

1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி தமிழெழுத்தறிவை விரிவாக்கியது. இம்முன்னேற்றத்தின் மறுபக்கமாக அரபுத்தமிழ் வாசகர் அருகினர். பாட்டி சரளமாக வாசித்த நூல், பட்டம் பெற்ற பேரனுக்கு மூடிய நூலாயிற்று. இருவரின் மொழியும் தமிழே. மாறியது எழுத்தறிவின் சமூக அடிப்படையாகும்.

ஆதலின் இந்நூல்களைப் பேணுதல் என்பது ஏடுகளைச் செல்லரிக்காமற் காப்பதோடு முடிவதன்று. நூற்பட்டியல்களில் தலைப்பு ஈரெழுத்திலும் இடம்பெறல் வேண்டும். பொருள் எளிய தமிழிற் குறிக்கப்படல் வேண்டும். தமிழெழுத்துப் பதிப்புக்களும் வெளிவரல் வேண்டும். வாசகரை இழந்த நூல், அலுமாரியில் இருப்பினும் அழிந்த நூலே.