முதுகுக்கு அண்டக் கொடுத்த கம்பளி

தோட்டத்து லயத்தில் யாருக்காவது நெஞ்சுச்சளி கட்டி இழுத்தால், வீட்டுக் கிழவி கம்பளியைச் சுருட்டி முதுகுக்கு அண்டக் கொடுத்து ஆளைச் சாய்த்து உட்கார வைப்பாள். குளிருக்கென்று தோட்டத்தில் கொடுத்த முரட்டுக் கம்பளி அது. வெள்ளைக்காரத் துரைமார் அந்தப் பெயரையே தங்கள் ஆங்கிலத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.

பதுளை, மொனராகலைத் தோட்டங்களுக்கு வெகு தொலைவில், கிரேக்க வைத்தியர் அரேத்தேயஸ், இழுப்பு நோயாளி நிமிர்ந்திருந்தே மூச்சு வாங்குவதைப் பண்டைக் காலத்திலேயே எழுதிவைத்தார். 1859இல் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் தலையணைக்கே இலக்கணம் வகுத்தார்: முதுகின் கீழ்ப்பகுதியைத் தாங்க வேண்டும், தோள்கள் பின்னால் சரிய இடம் வேண்டும், தலை முன்னால் தள்ளப்படக் கூடாது. தலைக்குப் பின்னால் மட்டும் தலையணைகளை அடுக்கி, தாடையை நெஞ்சில் முட்டவைக்கும் பிழை இன்றும் நடக்கிறது.

தாதிமார் 'ஃபவுலர் நிலை' என்று சொல்வது மூச்சுக்காகப் பிறந்ததே அல்ல! 1900இல் புரூக்ளின் சத்திரசிகிச்சை நிபுணர் ஜார்ஜ் ஃபவுலர், வயிற்றுக்குள் சேர்ந்த சீழ் கீழே வடியட்டும் என்று கட்டிலின் தலைமாட்டை உயர்த்தினார். 1909இல் வில்லிஸ் கேட்ச் முதுகும் முழங்காலும் மடங்கும் கட்டிலையே வடிவமைத்தார். நம் வார்ட்டுகளில் கைப்பிடியைச் சுற்றி உயர்த்தும் கட்டில் அதன் பேரப்பிள்ளை. நிமிர்ந்தால் குடல் இறங்கும், பிரிமென்றகட்டுக்கு இடம் கிடைக்கும், மூச்சு இலகுவாகும். சீழுக்காக வந்த நிலை சளிக்காரருக்கு வாய்த்தது இப்படித்தான்.

பிறகு கதை குப்புறப் புரண்டது. 1976இல் அமெரிக்காவில் பீல், பிரவுன் இருவரும், மூச்சு தோற்றுப்போன ஐந்து பேரைக் குப்புறப் படுக்கவைத்தார்கள்; இரத்தத்தில் ஒட்சிசன் கூடியது. முதுகுப்பக்க நுரையீரல் மீதிருந்த பாரம் விலகி, சுருங்கிய காற்றறைகள் திறந்துகொள்வதே காரணம். 2013இல் குளோட் கெரான் தலைமையில் 466 கடும் நோயாளிகளிடம் செய்த ஆய்வில், நாளுக்குக் குறைந்தது 16 மணி நேரம் குப்புறக் கிடந்தவர்களில் 28 நாளில் இறந்தோர் 16 வீதம். மல்லாந்து கிடந்தவர்களில் 32.8 வீதம்.

கொரோனா அந்த முறையை வீட்டுக்கே கொண்டுவந்தது. 2021இல் இந்திய சுகாதார அமைச்சு நாலைந்து தலையணைகள் கேட்டது: கழுத்துக்குக் கீழ் ஒன்று, நெஞ்சிலிருந்து தொடை வரை ஒன்றிரண்டு, கணைக்காலுக்குக் கீழ் இரண்டு. லயத்து அறையில் அத்தனைக்கு எங்கே போவது? மடித்த சேலையும் அதே கம்பளியும் போதும். கர்ப்பிணி குப்புறப் படுக்க வேண்டாம். கைக்குழந்தையைக் குப்புறத் தூங்கவைக்கவே கூடாது. பிள்ளை மூச்சு இழுக்கையில் விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், உதடு நீலம் பாரித்தால், கம்பளியைத் தேடிக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடியுங்கள்.