சங்கக்காரர் நடத்திய பாட்டுக் குழு

1970களின் தொடக்கத்தில் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் ‘மெட்ராஸ் யூத் காயர்’ என்ற சேர்ந்திசைக் குழுவைத் தொடங்கியபோது, பத்துப் பேர் கூடிப் பாடுவது நமக்குப் புதிய சங்கதியாக இருக்கவில்லை. சென்னையை ஒட்டி நான் குடியிருக்கும் நூம்பலுக்குப் பக்கத்தில்தான் திருவேற்காடு. சம்பந்தர் பதிகம் பெற்ற வேதபுரீசுவரர் கோயில் அங்கே இருக்கிறது. மார்கழி பஜனையும், ஆடியில் அம்மனுக்குப் பெண்கள் பாடும் தாலாட்டும் இந்தப் பக்கத்துக்குப் பழக்கமானவை. தேவாலயங்களில் வேறோர் ஏற்பாடு. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) வழி வந்த கீர்த்தனைகளை எல்லோரும் ஒரே மெட்டில் பாடுவார்கள். ஐரோப்பிய ராகங்களில் அமைந்த ஞானப்பாட்டுகளைப் பாடகர் குழு சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்று நாலு பாகமாகப் பிரித்துப் பாடும்.

எம்.பி.எஸ். பிடித்த வழி இவற்றுக்கு நடுவே போனது. ராகம் நம்முடையது, பாக அமைப்பு தேவாலயப் பக்கத்தது, பாடுகிறவர்கள் வேலைவெட்டிக்குப் போய்வருகிற சாதாரண ஆட்கள். பாரதியை அப்படிப் பாட வைத்தார். பல மாநில மொழிப் பாட்டுகளையும் பாட வைத்தார்.

இது அவருக்கு ஏன் தோன்றியது என்பதற்கு அவருடைய வாழ்க்கையிலேயே பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். 1925இல் சித்தூரில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் படிக்கும்போதே இடதுசாரி மாணவர் இயக்கத்துக்குள் வந்துவிட்டார். பிறகு டெல்லியில் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலனுக்குச் செயலராக இருந்தார். ஜாலியன்வாலாபாக் காலத்துப் போராளி சைபுதீன் கிச்லூவின் மகள் ஜஹீதாவை மணந்தார். சினிமாவுக்கு வந்து 1960இல் நிமாய் கோஷின் ‘பாதை தெரியுது பார்’ படத்துக்கு இசையமைத்தார். தொழிலாளர் படம் அது. ஜெயகாந்தன் அதற்கு ஒரு பாட்டு எழுதினார். ஜான் ஆபிரகாமின் ‘அக்ரகாரத்தில் கழுதை’யில் பேராசிரியராக நடித்தவர் இவர்தான் என்றால் சிலருக்கு முகம் நினைவுக்கு வரும். இவ்வளவுக்கும் நடுவில், திரையிசையில் வாத்தியம் வாசிக்கிறவர்களுக்குச் சங்கம் அமைக்க முன்னால் நின்றார். திரையில் பேர் வராத வயலின்காரருக்கும் தபேலாக்காரருக்கும் கூலியும் மரியாதையும் கேட்டவர் அவர்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஃபிட்டராக இருந்தவன். தொழிற்சங்கத்தின் கேட் கூட்டத்தில் பாடத்தான் முதன்முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். அதனால் எம்.பி.எஸ்ஸை நான் பார்ப்பதே சங்கத்துப் பக்கத்திலிருந்துதான். கே.ஜே. யேசுதாசின் முதல் சினிமாப் பாட்டு 1961இல் இவருடைய இசையில்தான் பதிவானது. தனிக்குரலின் அருமை தெரியாத மனிதர் இல்லை. அப்படிப்பட்டவர் நட்சத்திரமே இல்லாத ஒரு குழுவைக் கட்டினாரே, அதுதான் எனக்குப் பெரிய காரியம். கல்கத்தாவில் ருமா குஹா தாகுர்தா 1958இலேயே ஒரு யூத் காயரைத் தொடங்கியிருந்தார். அந்தக் காற்று இங்கேயும் வீசியது.

வேலை என்னவோ லேசானதல்ல. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நூம்பலில் நான் நடத்தும் சேர்ந்திசைக் குழு கூடும்போது முதலில் கிளம்புவது சுருதித் தகராறு. ஆண்கள் ஒன்று, ஒன்றரைக் கட்டை கேட்பார்கள். பெண்களுக்கு ஐந்து, ஐந்தரை வேண்டும். ஒரே மெட்டை எல்லோரும் பாடினால் ஒரு பாதிக்கு மேல் ஸ்தாயி எட்டாது, மறுபாதிக்குக் கீழே போகாது. பாகம் பிரித்தால்தான் அவரவர் தொண்டைக்கு ஏற்ற இடம் கிடைக்கும். பிரிக்கும்போது ராகம் குறுக்கே வரும். மோகனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ச, க, ப மூன்றையும் சேர்த்துப் பிடித்தால் இனிக்கும். ஆனால் மேற்கத்திய முறைப்படி அடுத்து வரவேண்டிய ப, நி, ரி கூட்டுக்கு நிஷாதம் வேண்டும். மோகனத்தில் நிஷாதம் கிடையாது. போட்டால் ராகம் கெடும், விட்டால் கூட்டு வெறிச்சென்றிருக்கும். ஒரு குழுவைக் கீழ்ச் சட்ஜத்தில் நிற்க வைக்கலாம், இல்லையென்றால் அதே மெட்டை ஓர் ஆவர்த்தனம் தள்ளி இன்னொரு குழுவைத் தொடங்கச் சொல்லலாம். கமகமும் சிக்கல்தான். தனியாகப் பாடுகிறவர் காந்தாரத்தை எப்படி அசைத்தாலும் அழகு. முப்பது பேர் முப்பது விதமாக அசைத்தால் இரைச்சல். எந்த இடத்தில் அசைப்பது, எங்கே நேராக நிற்பது என்று முன்கூட்டியே முடிவு செய்தாக வேண்டும்.

அந்த முடிவைச் செய்கிறவர் கையில் அதிகாரம் வந்துவிடுகிறது. சுருதி சேராதவரிடம் “வாயை மட்டும் அசைங்க, சத்தம் வேண்டாம்” என்று சொல்லும் குழுத்தலைவர்களை நான் பார்த்திருக்கிறேன். மேடையில் ஆள் நிறைந்து தெரியும், பாட்டும் சுத்தமாகக் கேட்கும். எனக்கு அது மனுஷனை ஏமாற்றுகிற வேலை. எங்கள் குழுவில் சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை பார்த்த ஓர் அம்மா இருக்கிறார். மேல் பாகத்தில் நின்றால் குரல் கால் சுரம் இறங்கிவிடும். ஆல்ட்டோவுக்கு மாற்றி, நிதானமான குரல் உள்ள ஒருத்திக்கும் இன்னொருத்திக்கும் நடுவில் நிற்க வைத்தேன். “இங்கதான் தம்பி எனக்கு மூச்சு வருது” என்றார். இப்போது அந்த வரிசைக்கே அவர்தான் கீழ்ப் பஞ்சமம் காட்டுகிறார்.

இன்னொரு தொல்லை மைக். மைக்செட் தம்பி வந்ததும் யார் நன்றாகப் பாடுகிறார் என்று காது கொடுப்பான், மைக்கை அவர் வாய்க்கு நேரே கொண்டுபோவான். அவ்வளவுதான், மற்றவர்கள் அவருக்குப் பின்பாட்டு ஆகிவிடுவார்கள். நான் இரண்டே மைக் கேட்பேன், மேடை விளிம்பில் வைக்கச் சொல்வேன். “சத்தம் பத்தாது சார்” என்பான். ஸ்பீக்கர் சத்தத்தைக் கூட்டச் சொல்வேனே தவிர, மைக்கை நகர்த்த விடுவதில்லை.

எம்.பி.எஸ். தம்முடைய குழுவோடு நிற்கவில்லை. 1980களில் என்.சி.ஈ.ஆர்.டி. பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டாகப் பாட வைக்கும் திட்டத்தை நடத்தியபோது ஆசிரியர்களுக்குப் பாடச் சொல்லிக்கொடுக்கப் போனார். பாட்டு வாத்தியாரே இல்லாத பள்ளியில்கூடக் கணக்கு டீச்சர் சேர்ந்திசை நடத்தலாம் என்ற எண்ணம் அதில் இருந்தது. எனக்கு அது இன்றும் சரியாகப் படுகிறது. பூந்தமல்லி, திருவேற்காடு வட்டாரப் பள்ளிகளில் ஆண்டுவிழா வந்தால் சினிமாப் பாட்டைப் போட்டுவிட்டுப் பிள்ளைகளை ஆடச் சொல்கிறார்கள். அதே பிள்ளைகளுக்கு இரண்டு பாகத்தில் ஒரு பாரதி பாட்டு கற்றுக்கொடுக்க ஒரு மாதம் போதும்.

1988 மார்ச் 9ஆம் தேதி, லட்சத்தீவுக்குப் போயிருந்த இடத்தில் எம்.பி.எஸ். இறந்துபோனார். குழு கலையவில்லை, அவர் பெயரை வைத்துக்கொண்டு, அவரிடம் பாடியவர்கள் நடத்தினார்கள். சினிமாவில் அவருக்கு எவ்வளவோ புகழ் கிடைத்தது, ஆனாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான். நடத்துகிறவர் போனதும் படுத்துவிட்ட குழுக்களையும் சங்கங்களையும் நிறையப் பார்த்துவிட்டேன்.

அதனால் எங்கள் குழுவில் கை காட்ட இன்னும் சிலரைப் பழக்குகிறேன். வேலப்பன்சாவடியில் மருந்துக் கடையில் வேலை செய்யும் ஒரு பெண் சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். போன வாரம் என்னிடம், “சார், பேஸ்ல ஆள் கம்மி. நீங்க அங்க போய் நில்லுங்க, நான் பாத்துக்கறேன்” என்றாள். போய் நின்றேன். நான் வைத்த காலத்தைவிடக் கொஞ்சம் நிதானமாக எடுத்தாள், கீழ்ப் பாகம் தெளிவாகக் கேட்டது. அடுத்த மாதம் பூந்தமல்லி நிகழ்ச்சியில் முதல் பாட்டு அவளுடையது.