சுக்கு வாசனையும் இரண்டு வரிகளும்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் பழைய கிட்டங்கிகள் சிலவற்றைக் கடையாக்கியிருக்கிறார்கள். சரக்கு போய் எத்தனையோ வருஷமாகியும் சுவரில் மிளகு, சுக்கு வாசனை போகவில்லை. நெல்லையிலிருந்து அத்தை வந்திருந்தபோது, என் பிழைப்பை இந்தக் கிட்டங்கியைக் காட்டித்தான் விளக்கினேன். சி மொழியில் மாலாக் என்று கேட்டால் மெமரியில் இடம் கிடைக்கும். கழுவித்தான் தருவார்கள் என்று உத்தரவாதம் இல்லை. முன்பு இருந்தது எதுவோ அப்படியே கிடக்கலாம்.

"வாடகைக்கு விடுததுக்கு முன்ன வெள்ளையடிக்க மாட்டாவளாய்யா?"

"நாமதான் அடிச்சுக்கணும் அத்தை."

அடிக்காமல் குடியேறினால் என்ன ஆகும் என்பதற்கு எல்லோரும் ஒரு கதை வைத்திருப்பார்கள். என்னிடம் இருப்பது அதற்கு நேர் எதிரான கதை. வெள்ளையடிக்கப் போய்ச் சுவரையே இடித்த கதை :-)

ஓப்பன்எஸ்எஸ்எல் என்றொரு நிரல் நூலகம். இணையத்தில் பூட்டும் சாவியும் செய்வது அதன் வேலை. யாராலும் ஊகிக்க முடியாத சாவி வேண்டுமென்றால், கணிக்க முடியாத எண்களை ஒரு தொட்டியில் போட்டுக் கலக்க வேண்டும். அதற்கான நிரலில் ஒரே மாதிரி வரி இரண்டு இடத்தில் இருந்தது. ஓரிடத்தில், கழுவாத மெமரியில் கிடந்த குப்பையையும் சும்மா இருக்கட்டுமே என்று தொட்டியில் போட்டார்கள். அதை எடுத்தாலும் நஷ்டமில்லை. ப்யூரிஃபை என்ற சோதனைக் கருவி இதற்குக் குறை சொல்லும் என்று பக்கத்திலேயே சின்னக் குறிப்பும் உண்டு. இன்னொரு இடத்தில் இருந்த வரிதான் உயிர். நிஜமான எண்களெல்லாம் அதன் வழியாகத்தான் தொட்டிக்குள் போயின. அங்கே ஒரு குறிப்பும் இல்லை!

வால்கிரிண்ட் என்ற கருவி கழுவாத மெமரி என்று புகார் சொல்ல, டெபியன் லினக்ஸில் இதைப் பராமரித்தவர் 2006 மே மாதம் இரண்டு வரிகளையும் எடுத்துவிட்டார். கேட்காமல் செய்யவில்லை. நூலகத்தை எழுதுபவர்களிடம் கேட்டார். பிழைதேடலுக்கு உதவுமென்றால் எடுக்கலாம் என்று அங்கிருந்து பதிலும் வந்தது. அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. நானாக இருந்தாலும் எடுத்திருப்பேன்.

அதன்பிறகு தொட்டியில் விழுந்த ஒரே மாறும் எண், ஓடும் நிரலுக்கு லினக்ஸ் கொடுக்கும் வரிசை எண்தான். அந்நாளில் வழக்கமாக அது 32,768ஐத் தாண்டியதில்லை. ஒவ்வொரு வகைச் சாவியிலும் அத்தனைதான் சாத்தியம். ஒருவர் உட்கார்ந்து எல்லாவற்றையும் முன்கூட்டியே செய்து வைத்துக்கொள்ளலாம். பார்க்கச் சாவி சரியாகவே இருக்கும், பூட்டும் திறக்கும். அதனால் இரண்டு வருஷம் யாருக்கும் தெரியவில்லை. லூசியானோ பெல்லோ கண்டுபிடித்தார். 2008 மே 13 அன்று அறிவிப்பு வந்தது. டெபியனை ஒட்டி வந்த உபுண்டுவும் மாட்டியது.

அப்போது வீட்டில் ஒரு பழைய டப்பாவில் டெபியன் போட்டு, ஊரில் இருக்கும் அம்மாவுக்கும் சிங்கப்பூர் அண்ணனுக்கும் குழந்தை படங்கள் ஏற்றி வைத்திருந்தேன். அன்று ராத்திரி முழுக்கச் சாவி மாற்றினேன். புதுச் சாவியை அண்ணனுக்கு ஃபோனில் விளக்கியது தனிக் கதை.

பிற்பாடு ஓப்பன்எஸ்எஸ்எல்காரர்கள் அந்த உயிர் வரியை ஒட்டி, கருவிகள் புகார் சொல்லும், ஆனாலும் இதை எடுக்காதே, எடுத்தால் சாவிகள் பாழ் என்று எழுதி வைத்தார்கள். 2018இல் வந்த 1.1.1 பதிப்பில் அந்தப் பகுதியையே புதிதாக எழுதிவிட்டார்கள். வரியும் போயிற்று, குறிப்பும் போயிற்று.