கான்சாபுரம்: ஒரு மரியாதைச் சொல் தேய்ந்து ஊரான கதை

கிருஷ்ணன்கோவிலில் மேற்கே திரும்பும் பேருந்தில் 'வத்திராயிருப்பு' என்று முழுதாகச் சொல்லிச் சீட்டு வாங்குகிறவர்கள் குறைவு. 'வத்ராப்' என்றாலே போதும், நடத்துநர் சீட்டைக் கிழித்துவிடுவார். ஆங்கிலத்தில் அந்த ஊர்ப்பெயரை எழுதும் முறையும் இந்தப் பேச்சு வடிவத்தை ஒட்டியதுதான். எட்டு எழுத்து நான்காகச் சுருங்கும் இந்த மண்ணில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், தென்னையும் மாவும் சூழ்ந்து கிடக்கிறது கான்சாபுரம். மேலே அத்திகோவில், அதன் பின்னே காடு.

இந்தப் பெயரில் 'புரம்' எல்லோருக்கும் விளங்கும். 'கான்சா' என்றால் என்ன என்பதுதான் கேள்வி.

தமிழ் படித்தவருக்கு முதலில் ஓர் ஆசை எழும். 'கான்' என்றால் காடு. கானகம், கானாறு என்று வழங்குகிற பழஞ்சொல். ஊரோ மலையடிவாரத்தில் இருக்கிறது. 'கான் சார் புரம்' என்று பிரித்துவிட்டால் 'காட்டைச் சார்ந்த ஊர்' என்று அழகாகப் பொருள் அமைந்துவிடுகிறது. ஆனால் ஊர்ப்பெயர் ஆய்வில் இந்த அழகைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். இந்தப் பிரிப்புக்கு நடுவில் ஒரு ரகரத்தை நாமே நட்டு, நாமே பிடுங்கியாக வேண்டும். ஓர் ஊரின் பெயரை அந்த ஊருக்குள் மட்டும் வைத்துப் பார்ப்பதும் தவறு. அதே சொல் வேறெங்கே வழங்குகிறது என்று தேடினால் மதுரை நகரத்துக்குள் 'கான்சா மேட்டுத் தெரு' எதிரே வந்து நிற்கிறது. பக்கத்திலேயே கான்பாளையமும் இருக்கிறது. மதுரைக் கோட்டையை ஒட்டிய தெருவுக்குக் காட்டின் பெயர் வர ஒரு காரணமும் இல்லை. அங்கே கான்சா என்பது ஓர் ஆளின் பெயர். கும்மந்தான் கான் சாகிபு என்று மதுரைச் சீமை அழைத்த யூசுப் கானின் பெயர்.

இராமநாதபுரச் சீமையின் பனையூரில் வேளாளர் குடும்பத்தில் பிறந்த மருதநாயகம்தான் பிறகு இசுலாம் தழுவி முகமது யூசுப் கான் ஆனார் என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரலாறு. கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சிப்பாய்களுக்குத் தலைவராக உயர்ந்தார். அந்தப் பதவியின் ஐரோப்பியப் பெயர்தான் தமிழ் வாயில் 'கும்மந்தான்' என்றும் 'கம்மந்தான்' என்றும் ஆயிற்று. 1759இல் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் நிருவாகம் அவர் கைக்கு வந்தது. பூலித்தேவரின் நெற்கட்டுஞ்செவலும் வாசுதேவநல்லூரும் 1761இல் அவரிடம் வீழ்ந்தன. ஸ்ரீவில்லிபுத்தூரும் அதைச் சுற்றிய மலையடிவாரமும் அந்த நீண்ட போர்களின் களமாக இருந்த நிலம். அவர் போர் மட்டும் செய்தவர் அல்லர். குளங்களையும் வாய்க்கால்களையும் செப்பனிட்டார், நெசவாளரை ஆதரித்தார், மீனாட்சியம்மன் கோயிலுக்கு நின்றுபோயிருந்த மானியத்தை மீண்டும் வழங்கினார். 1763இல் ஆற்காட்டு நவாபுக்கும் கம்பெனிக்கும் எதிராகத் தனித்து நின்றார். மதுரைக் கோட்டை முற்றுகையிடப்பட்டது. தம்முடன் இருந்தவர்களாலேயே காட்டிக்கொடுக்கப்பட்டு, 1764 அக்டோபர் 15 அன்று மதுரையில் தூக்கிலிடப்பட்டார். சம்மட்டிபுரத்தில் அவருடைய அடக்கத்தலம் இன்றும் இருக்கிறது.

இனிச் சொல்லுக்கு வருவோம். 'கான்' துருக்கிய, மங்கோலியத் தலைவர்களின் பட்டம். முகலாயர் காலத்தில் பிரபுக்களின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. 'சாகிபு' அரபுச் சொல். அதன் அடிப்பொருள் தோழன், உடன் இருப்பவன். நபிகளின் தோழர்களைத் தமிழ் முசுலிம்கள் 'சகாபாக்கள்' என்று சொல்கிறார்களே, அதே வேரிலிருந்து கிளைத்தது. பாரசீகம், இந்துஸ்தானி வழியாகத் தெற்கே வரும்போது அதன் பொருள் 'உடையவர்', 'ஐயா' என்று உயர்ந்திருந்தது.

அந்தச் சொல்லின் நடுவே உள்ள ஹகரத்தைத் தமிழ் எழுத்து ககரமாக வாங்கிக்கொண்டது. பேச்சில் அந்தக் ககரம் நிலைக்கவில்லை. இரண்டு உயிர்களுக்கு நடுவே யகரம் ஏறி 'சாயிபு' ஆயிற்று, பிறகு 'சாயபு' ஆயிற்று. வடக்கே இந்துஸ்தானியிலும் இதே சொல் 'சாப்' என்று ஓரசையாகிவிட்டது. இப்படிச் சுருங்கிய ஒன்றின் பின்னால் 'புரம்' வந்து சேர்ந்தால் பகரத்தின் மேல் பகரம் மோதும். ஒலி ஒன்றுபோல இருக்கும் இரண்டு அசை அடுத்தடுத்து வந்தால் நாக்கு ஒன்றை விட்டுவிடும். கான்சாபு புரம் கான்சாபுரம் ஆனது அப்படித்தான் என்று கொள்கிறேன். மதுரைத் தெருவின் பெயர் இதற்கு இன்னொரு துணை. அங்கே அடுத்து வருவது மேடு, அதாவது மகரம். ஆனாலும் 'கான்சா' என்றே இருக்கிறது. ஆகவே அந்த இரண்டு அசையே தனித்து நடமாடும் அளவுக்கு வாயில் பழகிய பெயராக இருந்திருக்கிறது.

இதைச் சிதைவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சோழநாட்டைச் சோணாடு என்றும், மலையமானாட்டை மலாடு என்றும் சுருக்கியது நம் இலக்கணம் மரூஉ என்று பெயரிட்டு ஏற்றுக்கொண்ட வழக்கம். அரபுச் சொல்லும் துருக்கியச் சொல்லும் வத்திராயிருப்புப் பக்கம் வந்து அதே மரூஉ விதிக்கு உட்பட்டிருக்கின்றன. அயற்சொல் ஒரு மொழியில் குடியேறிவிட்டதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை. யூசுப் கானின் மேலாளரும் பின்னாளில் பகைவருமான நவாபின் பட்டம் வாலாஜாபாத்திலும் வாலாஜாபேட்டையிலும் ஓரசையும் தேயாமல் அப்படியே இருப்பதை இதோடு வைத்துப் பார்க்கலாம். பட்டயத்தில் எழுதப்பட்ட பெயருக்கும் வாயில் புழங்கிய பெயருக்கும் உள்ள வேறுபாடு அதில் தெரிகிறது.

இந்த மனிதருக்குப் பல பெயர்கள் இருந்தன. எந்தப் பெயர் எங்கே தங்கியது என்று பார்ப்பதில்தான் பல்கலைக்கழக ஆய்வு நமக்குக் கைகொடுத்தது. கம்பெனி ஆவணங்களில் அவர் இசூப், யூசுப், முகமது இசூப் என்றே வருகிறார். அந்த ஆவணங்களைத் திரட்டி எஸ். சி. ஹில் 1914இல் எழுதிய ஆங்கில நூல், தலைப்பிலேயே அவரைக் கலகக்காரத் தளபதி என்கிறது. கும்பினியின் கண்ணில் அவர் முதலில் யூசுப், பிறகு கலகக்காரர்.

மதுரைப் பல்கலைக்கழகம் 1966இல் தொடங்கியது. காமராசர் பெயர் சேர்ந்தது 1978இல். தொடங்கிய சில ஆண்டுகளிலேயே அது ஒரு துணிச்சலான வேலையைச் செய்தது. கிராமத்துப் பாடகர்களிடமும் ஏட்டிலும் இருந்த கதைப்பாடல்களை ஆய்வுப் பதிப்புகளாக அச்சிட்டது. அந்த வரிசையில் 1972இல் 'கான்சாகிபு சண்டை' வந்தது. பதிப்பித்தவர் நா. வானமாமலை. அவர் பல்கலைக்கழக நாற்காலியில் இருந்தவர் அல்லர். பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்தியவர், நெல்லை ஆய்வுக்குழுவைத் தோற்றுவித்தவர், 'ஆராய்ச்சி' இதழை நடத்தியவர். வாசலுக்கு வெளியே இருந்த அறிஞரை அழைத்து, படிப்பறியாதவர் பாட்டு என்று ஒதுக்கப்பட்டதைப் பல்கலைக்கழக முத்திரையோடு வெளியிட்டார்கள். தமிழகப் பல்கலைக்கழகங்களின் பதிப்புகளில் நான் மிகவும் மதிக்கும் வேலைகளுள் அது ஒன்று. இரண்டு ஆண்டு கழித்து, 1974இல், அதே பல்கலைக்கழகத்தின் வரலாற்றுப் பேராசிரியர் கே. ராஜய்யன் 1736 முதல் 1801 வரையிலான மதுரை வரலாற்றை எழுதினார். பாளையக்காரர், நவாபு, கும்பினி, கும்மந்தான் எல்லோரும் மோதிய காலம் முழுதும் அதில் ஆவணங்களோடு விரிகிறது.

இரண்டையும் அருகருகே வைத்தால் ஒரு செய்தி கிடைக்கிறது. ஆவணம் 'யூசுப்' என்கிறது. கதைப்பாடல் 'கான்சாகிபு' என்கிறது. மலையடிவாரத்து ஊர் பாட்டின் பக்கம் நிற்கிறது. மூத்தவரை, ஆள்பவரைப் பெயர் சொல்லி அழைக்காமல் மரியாதைச் சொல்லால் குறிப்பது நம் வழக்கம். பெயரான யூசுப் ஊரில் இல்லை, பிறந்த பெயரான மருதநாயகமும் இல்லை. அந்தப் பெயரை இன்று பலர் அறிந்தது 1997இல் கமல்ஹாசன் தொடங்கிய படத்தால். ஊரில் எஞ்சியிருப்பது அவரைக் கூப்பிட்ட சொல் மட்டும். கலகக்காரர் என்று அரசு தூக்கிலிட்ட ஒருவரை மக்கள் 'ஐயா' என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

ஊர்ப்பெயரை வரலாற்றுச் சான்றாகப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர்களும் ஆசிரியர்களே. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ரா. பி. சேதுப்பிள்ளை எழுதிய 'ஊரும் பேரும்' தமிழ் வாசகருக்கு அந்த வாசலைத் திறந்தது. கேரளப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கி. நாச்சிமுத்து அதை மொழியியல் முறைப்படி 'தமிழ் இடப்பெயராய்வு' என்ற துறையாக வளர்த்தார்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. பின்னாளில் 'கான் சாகிபு' என்பது ஆங்கில அரசு முசுலிம் பிரமுகர்களுக்கு வழங்கிய பட்டமாகவும் ஆயிற்று, ராவ் சாகிபு போல. சிதம்பரம் பக்கம் கான்சாகிபு வாய்க்கால் என்று ஒன்று ஓடுகிறது. கான்சாகிபு என்று கேட்டவுடன் கும்மந்தானை நினைத்துவிடுவது முறையாகாது. ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனியே சான்று தேட வேண்டும். கான்சாபுரத்துக்கு வட்டார நினைவும், மதுரைத் தெருப்பெயரும், அவர் ஆண்ட எல்லையும் ஒரே திசையைக் காட்டுகின்றன. அதனால் இங்கே அவரையே ஏற்கிறேன்.

இனிச் செய்ய வேண்டிய வேலை கிருஷ்ணன்கோவில் சாலைப் பிரிவிலேயே தொடங்கலாம். அங்கே கலசலிங்கம் பல்கலைக்கழகம் இருக்கிறது, ராஜபாளையத்தில் 1973இல் தொடங்கிய ராஜூக்கள் கல்லூரி இருக்கிறது. இவற்றில் படிக்கும் பலருக்கு இந்த வட்டாரமே சொந்த ஊர். ஒரு பருவத்துக் களப்பணியில் நான்கு மாணவர்கள் கான்சாபுரத்தின் பழைய நிலவரித் திட்டப் பதிவேட்டையும் புலப்படத்தையும் பார்த்து, வாய்க்கால், கண்மாய், வயல் ஒவ்வொன்றின் பெயரையும் எழுதிவரலாம். எழுபது வயதைத் தாண்டியவர்கள் ஊர்ப்பெயரை எப்படி உச்சரிக்கிறார்கள் என்று ஒலிப்பதிவு செய்யலாம். 'கான்சாயபுரம்' என்று ஒரே ஒரு பாட்டி சொல்லி அது பதிவானாலும் போதும், மேலே நான் ஊகித்த இடைப்படிக்கு நேர்ச்சான்று கிடைத்துவிடும். அந்த உச்சரிப்பை அறிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டாக வேண்டும்.