அருந்தியிருக்கிறார், ஆனால் ஆதிக்கத்தில் இல்லை

காரைக்காலில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்துவிட்டு இந்தப் பக்கம் அரசு ஆஸ்பத்திரியில் எழுத்தராகச் சேர்ந்தவன் நான். அம்மையாரும் காரைக்காலிலிருந்துதான் ஆலங்காட்டுக்கு வந்தார். அவர் தலையால் நடந்தார், நான் பாசஞ்சர் ரயிலில் வந்தேன்.

1975 வாக்கில் இரவு நேரத்தில் போலீஸ்காரர் லாரி டிரைவர்களைக் கூட்டி வருவார். டாக்டர் வாயை ஊதச் சொல்வார், நேராக நடக்கச் சொல்வார், கண்ணைப் பார்ப்பார். பிறகு பெரும்பாலும் ஒரே வாக்கியத்தைத்தான் எழுதுவார்: 'மது அருந்தியிருக்கிறார், ஆனால் அதன் ஆதிக்கத்தில் இல்லை.' பதிவேட்டில் நகல் எடுப்பது என் வேலை.

அந்த வாக்கியத்துக்கு இரண்டு முகம். 1939ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 117ஆம் பிரிவு, வண்டியைக் கட்டுப்படுத்த முடியாத அளவுக்குப் போதை இருந்தால்தான் குற்றம் என்றது. ஆகவே பின்பாதி டிரைவரைக் காப்பாற்றும். ஆனால் 1974இல் மதுவிலக்கு திரும்பி வந்திருந்தது. குடித்ததே குற்றம் என்பதால் முன்பாதி அவரைப் பிடித்துக் கொடுக்கும்.

1988ஆம் வருடச் சட்டத்தின் 185ஆம் பிரிவில், ரத்தத்தில் மது 'எவ்வளவு சிறிய அளவில்' இருந்தாலும் குற்றம் என்றுதான் முதலில் இருந்தது. 1994ஆம் வருடத் திருத்தம் அதை 100 மில்லிக்கு 30 மில்லிகிராம் என்று தளர்த்தி, ஊதும் கருவியையும் சேர்த்தது. பிரெஞ்சில் கணக்குப் போட்ட பழக்கத்தில் சொன்னால், லிட்டருக்கு 0.3 கிராம். பிரான்சில் 1970இல் 0.8 கிராம் என்று வைத்தார்கள், 1995இல் 0.5 ஆக்கினார்கள். ஒயின் தேசத்தைவிட நம் சட்டம் கண்டிப்பானது, காகிதத்திலாவது. அபராதமும் 2019 திருத்தத்தில் 10,000 ரூபாயாக ஏறியது. ஆறு மாதம் வரை சிறையும் உண்டு.

எங்கள் தெருப் பையன் ஒருவன் போன வருடம் திருத்தணி சாலையில் காரைப் புளியமரத்தில் மோதிவிட்டான். உயிருக்கு ஆபத்தில்லை. இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தர மறுத்துவிட்டது. காகிதத்தோடு வந்து, "என்னை ஊதவே வைக்கலையே தாத்தா" என்றான். ஆஸ்பத்திரிச் சீட்டில் 'மது வாடை' என்று இருந்தது. பாலிசியில் நம் பழைய 'ஆதிக்கம்' என்ற சொல்லே நிற்கிறது. ஊதும் சோதனை இல்லாவிட்டாலும் மற்றச் சூழ்நிலைகளைக் கொண்டு கம்பெனி அதை நிரூபிக்கலாம் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதை எடுத்துச் சொன்னேன். அடிபட்டது வேறொருவர் என்றால் அவருக்குக் கிடைக்கவேண்டிய இழப்பீடு தனி. சொந்த வண்டிக்குத்தான் கையை விரிப்பார்கள்.

அவன் மறுபேச்சுப் பேசவில்லை. கார் காயலான் கடைக்குப் போயிற்று. தவணை இன்னும் பதினான்கு மாதம் பாக்கி.