டிஜேயின் இசைத்தகுதி: ஓர் அளவுகோல்

பதிவான பாடல்களைக் கொண்டு நிகழ்ச்சி நடத்தும் டிஜேக்களை இசைக் கலைஞர்களாக ஏற்பதா என்பதைக் கருவியை வைத்து முடிவு செய்ய இயலாது. கேட்போர் முன்னிலையில், தம் செவியறிவாலும் கைத்திறனாலும் அவர் இசையைப் புதிதாக உருவாக்குகிறாரா என்பதே அளவுகோலாக வேண்டும்.

தருணமறிந்து இசையைத் தேர்வது தமிழ் மரபுக்குப் புதிதன்று. கோயில் மரபில் விடியலுக்குப் பூபாளம், புறப்பாட்டுக்கு மல்லாரி, பள்ளியறைக்கு நீலாம்பரி என நாகசுர இசைக்கு முறை உண்டு. பின்னாளில் கல்யாண வீட்டு ரேடியோ செட்காரரும் பிள்ளையார் பாட்டில் தொடங்கி, முகூர்த்தத்துக்கும் பந்திக்கும் ஏற்ப இசைத்தட்டுகளை மாற்றினார். தேர்வறிவு இருவருக்கும் பொது. ஆனால் நாகசுரக்காரர் ராகத்தைத் தாமே விரித்து வாசிக்கிறார். செட்காரர் பதிந்ததைப் பதிந்தபடி ஒலிக்கவிடுகிறார். டிஜே இவர்களுள் யாரைச் சேர்ந்தவர் என்பதை அவர் செய்யும் வேலைதான் சொல்லும்.

நிமிடத்துக்கு 120 தட்டுகள் கொண்ட பாடலை 126 தட்டுகள் கொண்ட பாடலோடு இணைக்க, முதலாவதன் வேகத்தை 5 சதவீதம் கூட்ட வேண்டும். இசைத்தட்டில் வேகம் கூடினால் சுருதியும் ஏறும். 5 சதவீதத்துக்கு அந்த ஏற்றம் ஏறத்தாழ அரைச்சுரம். தாளம் பொருந்தியும் சுருதி முரண்படலாம். இதை ஹெட்போனில் உணர்ந்து, சரியான ஆவர்த்தத்தில் அடுத்த பாடலை நுழைப்பது இசைப்பயிற்சியின்றி வாய்க்காது. இன்றைய மென்பொருள் வேகத்தைத் தானே பொருத்திவிடும். அதை மட்டும் நம்புபவருக்கு இந்தத் தகுதி சேராது. இசைத்தட்டைக் கையால் முன்னும் பின்னும் உரசித் தாள ஒலி எழுப்பும் ‘ஸ்கிராட்ச்’ முறையோ இன்னும் ஒரு படி மேல். ஹெர்பி ஹான்காக்கின் 1983ஆம் ஆண்டு ‘ராக்கிட்’ பதிவில் அது மற்ற வாத்தியங்களுக்கு இணையாக ஒலித்தது.

பிறர் படைப்பைக் கையாள்பவர் கலைஞராவாரா என்பது முதன்மையான மறுப்பு. தியாகராஜர் கிருதியைப் பாடும் வித்துவானும் பிறர் படைப்பையே பாடுகிறார். அதை எடுத்தாளும் விதத்தில்தான் அவர் வித்துவம் வெளிப்படுகிறது. ஆயினும் அவர் பாடுவது தம் குரலில். டிஜே எடுத்தாள்வது இன்னொருவரின் குரலையும் வாசிப்பையுமே. ஆகவே மூலக் கலைஞரின் பெயரைச் சொல்வதும் உரிமைத்தொகை செலுத்துவதும் அவருடைய தொழிலறம்.

சட்டமும் இத்திசைக்கு இடமளிக்கிறது. டிஜேக்கள் பிறர் பதிவுகளை ஒலிக்கவிடுவதோடு நில்லாமல் புதிய இசையை நிகழ்த்துகிறார்கள் என்று ஜெர்மனியின் உச்ச வரி நீதிமன்றம் 2020இல் ஏற்றது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் ‘நிகழ்த்துநர்’ வரையறை பாடகர், இசைக் கலைஞரோடு பாம்பாட்டியையும் நிகழ்த்துகின்ற பிறரையும் உள்ளடக்குகிறது.

ஆகவே டிஜேக்கள் அனைவருக்கும் தகுதி தருவதும் தவறு, அனைவரையும் ஒதுக்குவதும் தவறு. மேடையில் இசையை உருவாக்கும் டிஜே இசைக் கலைஞரே. தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் போன்ற அமைப்புகள் அவர்களை நேரடி நிகழ்த்தலின் அடிப்படையில் மதிப்பிட்டு ஏற்க வேண்டும்.